‘அடிக்டட்’ இல்லாத ‘பேக் டு பிளாக்’ சிடி: திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். தங்கையின் பிறந்தநாளுக்காக பாடகி ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ ஆல்பம் சிடியை ஆன்லைன் கடை ஒன்றில் புதிதாக வாங்கினேன். பிரிட்டன் பதிப்பு, கடைசிப் பாட்டு ‘அடிக்டட்’ என்று பட்டியல் போட்டிருந்தார்கள். போன வாரம் வந்தது, பிரித்துப் பார்த்தால் அந்தப் பாட்டே இல்லை, அவள் ஆசைப்பட்ட ‘வேலரி’யும் இல்லை. போலியா? கடையில் கேட்டால் ‘பிரித்துவிட்டீர்கள், இனி திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: பாட்டு குறைகிறது என்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. 2006 அக்டோபரில் பிரிட்டனில் வந்த பதிப்பில் ‘அடிக்டட்’தான் பதினொன்றாவது பாட்டு. அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு வந்தது அநேகமாக அந்த அமெரிக்கப் பதிப்பு. சந்தேகம் தீர சிடியைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்: பளிச்சென்று வெள்ளி நிறமாக இருந்தால் ஆலையில் அச்சானது, நீலமோ பச்சையோ அடித்தால் யாரோ கணினியில் பதிந்து விற்றது.

சரி, பணம். கடைக்காரர் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்புகிறார். ஆன்லைனில் வாங்கியதை மனம் மாறி 14 நாளுக்குள் திருப்பும் உரிமை, முத்திரையிட்ட சிடியைப் பிரித்ததும் போய்விடும், அது உண்மைதான். ஆனால் உங்களுக்கு மனம் மாறவில்லையே, சொன்ன பொருள் வேறு வந்த பொருள் வேறு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விவரித்தபடி இல்லாத பொருளைக் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் கேட்கலாம், பிரித்திருந்தாலும் கேட்கலாம், தபால் செலவும் கடையுடையது. முதல் வேலையாக அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், மாற்றிவிடப் போகிறார்கள். அப்புறம் போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று யோசியுங்கள். ‘ரீஹேப்’, ‘யூ நோ ஐம் நோ குட்’, ‘பேக் டு பிளாக்’, ‘டியர்ஸ் டிரை ஆன் தேர் ஓன்’, ‘லவ் இஸ் எ லூசிங் கேம்’ என்று சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வந்து பேர் வாங்கிய ஐந்தும் இரண்டு பதிப்பிலும் இருக்கின்றன. ஆனாலும் நான் திருப்பத்தான் சொல்வேன். தலைப்புப் பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, மணி ஒலிக்க ஒலிக்க ஏமி ‘பிளாக்’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடுவாரே, அந்தக் கனத்திலிருந்து கடைசியில் நம்மை லேசாக வெளியே கொண்டுவருவது குறும்பான ‘அடிக்டட்’தான். மூன்று நிமிடம்கூட இல்லை, ஆனால் இல்லாவிட்டால் ஆல்பம் பாதியில் நின்றதுபோல இருக்கிறது எனக்கு.

‘வேலரி’ இந்த இரண்டு பதிப்பிலுமே கிடையாது. பார்ட்டிகளில் ஆடுகிற வேகமான ‘வேலரி’ இசைத் தயாரிப்பாளர் மார்க் ரான்சனின் ‘வெர்ஷன்’ ஆல்பத்தில் இருக்கிறது. நிதானமாகப் பாடிய வானொலிப் பதிவு, 2007 கடைசியில் வந்த இரண்டு சிடி டீலக்ஸ் பதிப்பில் இருக்கிறது, அதன் முதல் சிடியில் ‘அடிக்டட்’டும் உண்டு. தங்கை முணுமுணுப்பது எது என்று கேட்டுவிட்டு, பின்னட்டைப் படத்தில் பாட்டுப் பட்டியலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.