கல்லடியில் அசையாத எண்ணி, துருவத்தில் அசையும்

தம்பி, 2024 மே சூரியப் புயலன்று கல்லடியில் கூரைமேல் வைத்த கைகர் எண்ணி (கதிர்வீச்சை எண்ணும் கருவி) அசையவில்லை, ஆகவே துருவச் சுற்றுப்பாதைச் செய்மதிக்குச் சூரியப் புரோத்தன் (சூரியன் வீசும் மின்னேற்றத் துகள்) கணக்குத் தேவையில்லை என்கிறீர்கள். அங்கேதான் பிழை. கல்லடி இருக்கும் மட்டக்களப்பு, பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். காந்தக் கோடுகள் இங்கே கிடையாகக் கிடந்து புரோத்தன்களைத் திருப்பிவிடும். தப்பி வந்ததையும் காற்று மண்டலம் விடாது. துருவத்தில் கோடுகள் செங்குத்து, திறந்த படலை மாதிரி. உங்கள் செய்மதி சுமார் 100 நிமிடத்துக்கொரு தடவை இரண்டு படலையையும் கடக்கும்.

மெட்டொப் என்ற ஐரோப்பிய வானிலைச் செய்மதிகள் 800 கிலோமீற்றருக்கு மேல் இப்படியான பாதையில் அளந்த தரவை எடுங்கள். புயல் நாட்களைத் தனியாகப் பாருங்கள். வருடச் சராசரியில் புயல் கரைந்துவிடும். அப்புறம், தென் அத்திலாந்திக்குக்கு மேல் தரவில் தெரியும் மேடு, பூமியின் காந்தப் புலம் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் வான் அலன் பட்டியுடையது, சூரியனுடையதல்ல. அதையும் கணக்கில் சேருங்கள், ஆனால் தனி வரியில். நான் ஒருமுறை இரண்டையும் குழப்பி செய்மதியின் கதிர்வீச்சுக் காப்பு அலுமினியத்தை வீணாகத் தடிப்பாக்கினேன்.