‘அந்த வருஷம்’ – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்க சைட்டை மூணு வருஷமா படிச்சிட்டு வர்றேன், உங்க சிறுகதைகள் எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா கொஞ்ச நாளா நீங்க பின்லாந்து உள்நாட்டுப் போர் பத்தியே திரும்பத் திரும்ப எழுதுறீங்க, போன மாசம் மட்டும் மூணு பதிவு. உண்மையைச் சொன்னா அப்படி ஒரு போர் நடந்ததே உங்க சைட் பாத்துதான் எனக்குத் தெரியும். மூணரை மாசம் நடந்த சண்டை, முதல் உலகப்போருக்கு நடுவுல வந்து போனது, நமக்கும் அந்த நாட்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இதுல உங்களை இவ்ளோ தூரம் இழுக்கறது என்ன? அதோட நீங்க யார் பக்கம்னும் புரியல. ஒரு பதிவுல அந்தப் போர்ல தோத்த தொழிலாளர் பக்கம், அந்தச் சிவப்புக்காரங்களுக்காக மனசு உடைஞ்சு எழுதுறீங்க, அடுத்ததுல அவங்க பண்ணது தப்புங்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்குறேன்.

க.ச., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

தப்பா எடுத்துக்க இதுல ஒண்ணுமில்ல. இது எனக்குள்ள எப்படி வந்துச்சுன்னு முழுசா நான் எங்கயும் எழுதினதில்ல, அதை முதல்ல சொல்லிடறேன்.

2018 நவம்பர்ல பொண்ணோட பிரசவத்துக்காக தம்பெரே போயிருந்தேன், மூணு மாசம் இருந்தேன். தம்பெரேன்னா உங்க ஊர்ப்பக்கம் சொன்னாச் சட்டுனு புரியும், அது பின்லாந்தோட கோயமுத்தூர். ரெண்டு ஏரிக்கு நடுவுல ஒரு ஆறு விழுந்து ஓடுது, அந்தத் தண்ணியோட வேகத்தை நம்பி 1820ல ஆரம்பிச்ச பின்லேசன் கம்பெனி பெரிய பஞ்சாலையா வளர்ந்துச்சு, அதைச் சுத்தி ஊரும் வளர்ந்துச்சு. நாம கோவையை தென்னிந்தியாவோட மான்செஸ்டர்னு சொல்றோமே, அவங்களும் அந்த ஊரை மான்செஸ்டர்னுதான் சொல்றாங்க, செல்லமா ‘மன்சே’. பக்கத்து ஊர் பேரு நோக்கியா. ஸ்ரீபெரும்புதூர்ல ஃபேக்டரி வெச்சிருந்தாங்களே, அந்தக் கம்பெனிக்குப் பேர் வந்ததே அந்த ஊர்ல இருந்துதான். அதனால ஒட்டு உறவு சுத்தமா இல்லன்னு சொல்லிட முடியாது தம்பி, ஒரு காலத்துல நம்ம எல்லார் பாக்கெட்லயும் அந்த ஊர் பேர் இருந்துச்சு.

அங்க பச்சக்குழந்தையை ஸ்ட்ரோலர்ல வெச்சு குளிர்ல வெளிய தள்ளிட்டுப் போய்த் தூங்க வைக்கறது வழக்கம். எனக்கு முதல்ல மனசே வரல, மைனஸ் அஞ்சு டிகிரில ரெண்டு வாரக் குழந்தையை யாராவது வெளிய கொண்டு போவாங்களா? ஆனா நர்ஸே போகச் சொன்னாங்க. வீட்டுக்குப் பக்கத்துல கலேவங்கங்காஸ்னு ஒரு கல்லறைத் தோட்டம், பெரிய பெரிய பைன் மரமா, பார்க் மாதிரி இருக்கும், எல்லாரும் நடக்கறதுக்கு அங்கதான் வருவாங்க. நம்மூர்ல பொறந்த குழந்தையோட சுடுகாட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டோம், நான் தினமும் பேத்தியோட அங்க போய் வந்தேன். பாஷை தெரியாது, கல்லுல நம்பர் மட்டும் படிக்கலாம் இல்லையா, அப்படிப் படிக்கறப்பத்தான் 1918, 1918, 1918னு ஒரே வருஷமா கண்ணுல பட ஆரம்பிச்சுது. செத்தவங்க வயசைக் கணக்குப் போட்டுப் பாத்தா பத்தொம்பது, இருபத்திரெண்டு. பொண்ணுகிட்டக் கேட்டா அவளுக்குத் தெரியல, அவ அங்க போயே அஞ்சு வருஷம் ஆச்சு. முதல் உலகப்போரா இருக்கும்மான்னா. இல்ல.

எதிர் ஃப்ளாட்ல எண்பது வயசுப் பாட்டி ஒருத்தங்க இருந்தாங்க, குழந்தைக்குக் கம்பளி சாக்ஸ் பின்னிக் கொடுத்தவங்க. ஒரு நாள் காப்பி குடிக்கறப்ப மகளை விட்டுக் கேக்கச் சொன்னேன், 1918ல இங்க என்ன நடந்துச்சுன்னு. அந்தம்மா கப்பைக் கீழ வெச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், எங்க வீட்ல அதுக்குப் பேரே கிடையாது, ‘அந்த வருஷம்’னுதான் எங்க அப்பா சொல்வாருன்னாங்க.

அந்த இடத்துல புடிச்சுது தம்பி எனக்கு. ஒரு போருக்கு ஒரு வீட்ல பேரே இல்லாமப் போறது எப்படி?

ஊருக்கு வந்து தேடித் தேடிப் படிச்சப்பத்தான் தெரிஞ்சுது, பேர் இல்லாம இல்ல, ஆளுக்கு ஒரு பேர் இருந்திருக்கு. ஜெயிச்ச வெள்ளைக்காரங்க (இங்க வெள்ளைன்னா நிறம் இல்ல, கட்சி) அதை ‘வபாவுஸ்ஸோத்தா’ன்னாங்க, விடுதலைப் போர், ரஷ்யாகிட்ட இருந்து நாட்டை மீட்டோம்னு. சிவப்புக்காரங்க பண்ணதை ‘காபினா’ன்னாங்க, கலகம். தோத்தவங்க வாயில அது வர்க்கப் போர். இன்னொரு பேரும் உண்டு, ‘வெல்யெஸ்ஸோத்தா’, நேரடியாச் சொன்னா சகோதரப் போர், எனக்கு அதைப் பங்காளிச் சண்டைன்னு சொல்லத்தான் தோணுது, ஏன்னா பங்காளிங்கற வார்த்தைல ஒரே வரப்பு, ஒரே கிணறு, அதுக்குள்ள இருக்கற பகை எல்லாம் சேர்ந்து வந்துருது. உள்நாட்டுப் போர்ங்கற சாதாரணமான பேர் எல்லாரும் சொல்ற பேரா ஆகறதுக்கு அந்த நாட்டுக்குப் பல பத்து வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் நீங்க எந்தப் பேரைச் சொல்றீங்களோ அதை வெச்சு உங்க தாத்தா எந்தப் பக்கம் துப்பாக்கி புடிச்சாருன்னு எதிராளி கண்டுபுடிச்சிருவாரு.

எப்படி வந்துச்சுன்னு சுருக்கமாச் சொல்றேன், போன பதிவுகள்ல விரிவா இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஜார் ஆட்சிக்குக் கீழ இருந்த நாடு அது. ஆனா 1906லயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு கொடுத்துட்டாங்க, 1907ல 19 பெண்கள் பார்லிமென்ட்டுக்குள்ள போயிட்டாங்க, உலகத்துலயே முதல் பெண் எம்பிக்கள் அவங்கதான். ஓட்டு வந்துச்சு, ஆனா சோறு வரல. கிராமத்துல டோர்ப்பாரின்னு சொல்ற குத்தகைக்காரங்க, பண்ணைக்காரர் நிலத்துல குடிசை போட்டுக்கிட்டு குத்தகைக்குப் பதிலா இத்தனை நாள் பண்ணையில வேலை செய்யணும், நிலம் எப்ப வேணா கைய விட்டுப் போகலாம். 1917ல ரஷ்யாவுல இருந்து வர்ற தானியம் நின்னு போச்சு. அந்த ஜனங்களுக்கு பஞ்சம்னா என்னன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லித் தெரியும், நம்ம தாது வருஷப் பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முன்னாடி 1866ல இருந்து 68 வரைக்கும் அங்க ஒரு பஞ்சம் வந்து, பைன் மரப்பட்டையை மாவுல கலந்து ரொட்டி சுட்டுத் தின்னவங்க. ஜார் விழுந்ததும் போலீஸும் போச்சு, சொந்தப் பட்டாளமோ முன்னாடியே கலைச்சாச்சு, ஆக ஊருக்கு ஊர் ரெண்டு காவல் படை தானா முளைச்சுது, ஒண்ணு சிவப்பு, தொழிலாளிங்க, குத்தகைக்காரங்க பக்கம், இன்னொண்ணு வெள்ளை, பண்ணைக்காரங்க, வசதியானவங்க பக்கம். 1917 டிசம்பர் 6ல சுதந்திரம் அறிவிச்சாங்க. 52 நாள்தான். 1918 ஜனவரி 26 ராத்திரி சிவப்புக்காரங்க ஹெல்சிங்கி தொழிலாளர் மாளிகை கோபுரத்துல ஒரு சிவப்பு விளக்கை ஏத்தினாங்க, அதுதான் சைகை, மறுநாள் போர்.

தெற்குல இருந்த தொழில் ஊர் எல்லாம் சிவப்பு, வடக்கு வெள்ளை, வாசாங்கற ஊர் வெள்ளைக்குத் தலைநகர், தளபதி மன்னர்ஹெய்ம், ஜார் பட்டாளத்துல ஜெனரலா இருந்தவர். மார்ச் கடைசில வெள்ளைக்காரங்க தம்பெரேயைச் சுத்தி வளைச்சாங்க. நான் ஸ்ட்ரோலர் தள்ளிட்டுப் போன அதே கலேவங்கங்காஸ் கல்லறைத் தோட்டம்தான் ஒரு போர்முனை, மார்ச் 28, பெரிய வியாழன், கல்லறைக் கல்லுகளுக்குப் பின்னாடி படுத்துக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் சுட்டிருக்காங்க. ஏப்ரல் 6ல ஊர் விழுந்துச்சு, பத்தாயிரம் பேருக்கு மேல கைதி. அந்தக் கூட்டத்தை ஊர் நடு சதுக்கத்துல நிறுத்தி எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கு, தொப்பி தொப்பியாத் தெரியும், முடிவே இல்லாம. இப்ப அந்தச் சதுக்கத்துல கிறிஸ்துமஸ் சந்தை போடறாங்க, நான் அங்கதான் பேத்திக்கு ஒரு மர பொம்மை வாங்கினேன். போட்டோ பாத்தது ஊருக்கு வந்த பிறகு. பாத்ததுக்கப்புறம் அந்த பொம்மையைப் பத்தி நினைச்சாலே அந்தத் தொப்பிங்கதான் ஞாபகம் வருது.

ஏப்ரல்ல வெள்ளைக்காரங்களுக்குத் துணையா ஜெர்மன் படை வந்து இறங்குச்சு, ஹெல்சிங்கி விழுந்துச்சு, மே 15ல எல்லாம் முடிஞ்சுது.

ஆனா நீங்க ‘மூணரை மாசம் நடந்த சண்டை’ன்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் நான் மறுக்கறேன் தம்பி. 31 லட்சம் பேர் இருந்த நாட்டுல 36 ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க, அதுல நேருக்கு நேர் சண்டைல செத்தவங்க மூணுல ஒரு பங்குகூட வராது. சிவப்புக்காரங்க சுட்டுக் கொன்னது சுமார் 1,600 பேர், வெள்ளைக்காரங்க சுட்டுக் கொன்னது எட்டாயிரத்துக்கும் மேல. லாத்தி ஊர்ல ஹென்னலா முகாம்ல மட்டும் 200க்கும் மேல பெண்களைச் சுட்டாங்க, துப்பாக்கி எடுத்த பொண்ணுங்க, பேன்ட் போட்ட பொண்ணுங்கன்னு அவங்க மேல ஒரு தனி வெறுப்பு இருந்திருக்கு. எல்லாத்துக்கும் மேல கைதி முகாம். சுமார் 80 ஆயிரம் பேரை அடைச்சாங்க, போர் முடிஞ்ச பிறகு, கோடைல, நல்ல வெயில் அடிக்கற மாசங்கள்ல, 12 ஆயிரம் பேருக்கு மேல பசியிலயும் நோயிலயும் செத்தாங்க. தம்மிசாரி முகாம்ல மட்டும் கிட்டத்தட்ட 3 ஆயிரம். ராபர்ட் டிகர்ஸ்டெட்னு ஒரு உடலியல் பேராசிரியர், அவர் ஒண்ணும் சிவப்புக்காரர் இல்ல, அவர் போய்ப் பாத்துட்டு கைதிங்களுக்குப் போடற சாப்பாடு உயிர் வாழப் பத்தாதுன்னு அறிக்கை எழுதினார், அது ஸ்வீடன் பத்திரிகைல வந்து பெரிய விஷயமாச்சு.

எதிர் ஃப்ளாட் பாட்டியோட தாத்தா அந்தத் தம்மிசாரிலதான் செத்தாரு. பஞ்சாலைத் தொழிலாளி. தம்பெரேல புடிச்சு ரயில்ல ஏத்தினது வரைக்கும் வீட்டுக்குத் தெரியும்.

யார் பக்கம்னு கேட்டிருந்தீங்க. சொல்றேன். தேர்தல்ல வந்த பார்லிமென்ட் இருக்கறப்ப ஆயுதம் எடுத்தது தப்பு. 1916 தேர்தல்ல சிவப்புக்காரங்களோட கட்சியான சோஷியல் டெமாக்ரட்டுங்க 200ல 103 சீட் வாங்கினவங்க, அடுத்த வருஷம் 92 ஆச்சு, தோத்தாத் திரும்ப ஜெயிக்கலாம், அவங்களால முடிஞ்சிருக்கும், முடிஞ்சதும் முடிஞ்சுது, அதைப் பின்னால சொல்றேன். விளக்கை ஏத்தினவங்க தங்களை நம்பி வந்த ஆலைப் பொண்ணுங்களையும் பண்ணை ஆளுங்களையும் எங்க கொண்டு போய் விடறோம்னு யோசிக்கல, தலைவர்கள்ல பல பேர் கடைசில ரஷ்யாவுக்குத் தப்பிப் போயிட்டாங்க, மாட்டினது மத்தவங்க. அதை நான் மன்னிக்க மாட்டேன். அதே மாதிரி ஜெயிச்ச பிறகு கையில மாட்டினவனைப் பட்டினி போட்டுக் கொன்னதை எந்தப் பேர் சொல்லியும் போர்ல சேர்க்க முடியாது. இந்த ரெண்டையும் ஒண்ணா நான் மனசுல வெச்சிருக்கேன், அதனாலதான் உங்களுக்கு பக்கம் தெரியல.

இப்ப என்னை உண்மையாப் புடிச்சு வெச்சிருக்கற விஷயத்துக்கு வர்றேன். அதுக்கப்புறம் அவங்க எப்படிச் சேர்ந்து வாழ்ந்தாங்க? பெரும்பாலான ஜனங்க நாட்டை விட்டு எங்கயும் போகல, அதே தெரு, அதே சர்ச், புருஷனைச் சுட்டவன் நாலு வீடு தள்ளி. 1918லயே குத்தகைக்காரங்க நிலத்தைச் சொந்தமா வாங்கிக்கச் சட்டம் போட்டாங்க, ஜெயிச்சவங்களே போட்டாங்க. 1919 மார்ச் தேர்தல்ல அதே சோஷியல் டெமாக்ரட் கட்சி 80 சீட் வாங்கிட்டு வந்து உக்காந்துச்சு, முகாம்ல ஆள் சாகறது அடங்கி ஒரு வருஷம்கூட ஆகல. 1926 டிசம்பர்ல அந்தக் கட்சியோட வைனோ தன்னர் பிரதமர். மறு வருஷம் மே 16, வெள்ளைக்காரங்க வெற்றி விழா அணிவகுப்பு, ஜனாதிபதிக்கு உடம்பு சரியில்ல, அவர் இடத்துல நின்னு மரியாதையை ஏத்துக்கிட்டது தன்னர். அவரைத் திட்டாத ஆள் ரெண்டு பக்கமும் இல்ல. 1940ல, சோவியத் கூட குளிர்காலப் போர் முடிஞ்ச கையோட, மன்னர்ஹெய்மே அந்த மே 16 விழாவை நிறுத்திட்டு ரெண்டு பக்கமும் செத்தவங்களை நினைக்கற நாளா வேற ஒண்ணை வெச்சாரு.

இது மேல இருந்து நடந்தது. கீழ ரொம்ப மெதுவா நடந்திருக்கு. ஸ்போர்ட்ஸ் கிளப் தனித்தனி, 1919ல தொழிலாளருக்குன்னே தனி விளையாட்டுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. கூட்டுறவுக் கடைகூட ரெண்டு, போருக்கு முன்னாடியே பிரிஞ்சது, விவசாயிங்க, வசதியானவங்க பக்கம் எஸ் கடை, தொழிலாளிங்க பக்கம் ஈ கடை. 1998ல அரசாங்கமே ஒரு வேலை எடுத்துச்சு, 1914ல இருந்து 1922 வரைக்கும் போர்கள்ல செத்த எல்லாரோட பேரையும் பக்கம் பாக்காம தொகுக்கறதுன்னு. அந்தப் பட்டியல் நெட்ல இருக்கு தம்பி, பேர், ஊர், தொழில், எப்படிச் செத்தார். ராத்திரி தூக்கம் வராதப்ப நான் அதைத் திறந்து வெச்சு தம்பெரேன்னு போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஆலைத் தொழிலாளி, முகாம்ல சாவு. வீட்டு வேலைக்காரி, சுடப்பட்டார். கூலி, காணாமப் போனார். எங்க அம்மா பீளமேட்டுல மில்லு வேலைக்குப் போனவங்க, அதனால ஆலைத் தொழிலாளின்னு பாக்கறப்ப எனக்கு அடுத்த வரிக்குப் போக முடியாது.

கிறிஸ்துமஸ் முந்தின நாள் சாயங்காலம், மூணு மணிக்கே இருட்டிருச்சு, அந்தப் பாட்டி எங்களையும் கலேவங்கங்காஸ் கூட்டிட்டுப் போனாங்க. அங்க அன்னிக்கு ஒவ்வொரு குடும்பமும் வந்து கல்லறைல மெழுகுவர்த்தி வைக்கறாங்க, பனி மேல ஆயிரக்கணக்குல விளக்கு, நம்ம கார்த்திகை மாதிரி. அவங்க தாத்தாவுக்குக் கல்லறை அந்த ஊர்ல கிடையாது, அதனால சிவப்புக்காரங்களை மொத்தமாப் புதைச்ச குழி இருக்கு, அங்க போய் ஒண்ணு வெச்சாங்க. என் கையிலயும் ஒண்ணு கொடுத்தாங்க, வெச்சேன்.

திரும்பி வர்ற வழில பால் வாங்கணும்னு எஸ் மார்க்கெட்ல நுழைஞ்சோம். வாசல்ல பூட்ஸ்ல ஒட்டின பனியைத் தட்டிக்கிட்டே அந்தம்மா சொன்னாங்க, எங்க அப்பா மூணு கிலோமீட்டர் சுத்தி நடந்து ஈ கடைக்குத்தான் போவாரு, பனியானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, எஸ் கடை எங்க வீட்டுக்கு எதிர்லயே இருந்துச்சு. ஈ கடையெல்லாம் இப்ப இல்ல, நானும் இருபது வருஷமா இங்கதான் வாங்கறேன், ஆனா இந்தக் கதவு திறக்கறப்ப எல்லாம் அப்பா எங்கயாவது நிக்கறாரான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்துருவேன்னாங்க.

அன்புடன்,
அக்கா