எத்தனால் கலந்த பெட்ரோல்: தீயணைக்கப் போகிறவர்களின் கேள்விகள்

தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் என்னிடம் தரப்பட்டன.

கேள்வி (ராமநாதபுரம், தீயணைப்பு வீரர்): பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். வழக்கமான தீயணைப்பு நுரை (ஃபோம்) அதற்குப் போதாதா, ஐயா?

போதாது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். 2022 ஜூனில் நாடு 10 விழுக்காட்டுக் கலப்பை எட்டியது. அந்த அளவு வரை பழைய ஃபோமைச் சற்றுக் கூடுதலாக அடித்துச் சமாளிக்க முடிந்தது. அதற்கு மேல் கணக்கு மாறுகிறது. ஃபோம் என்பது பெரும்பாலும் தண்ணீர். எத்தனாலோ தண்ணீரைக் கண்டால் இழுத்துக்கொள்ளும் திரவம். நிலைய முற்றத்தில் ஒரு தகரத் தட்டில் எத்தனாலை ஊற்றி, சாதாரண ஃபோமை அதன்மேல் விட்டுக் காட்டுவேன்: சோப்பு நுரை வெயிலில் அடங்குவது போல, சலசலவென்று ஒலித்தபடி அது நம் கண்ணெதிரே கரைந்து போகும். எத்தனாலும் ஓர் ஆல்கஹால்தான். அதற்கென்றே உள்ள, ஆல்கஹால் தாங்கும் ஃபோமில் இருக்கும் பாலிமர், எத்தனாலைத் தொட்டதும் வழவழப்பான ஒரு படலமாகப் படிந்து, மேலே இருக்கும் நுரையைக் காக்கிறது. அந்தப் படலம் கிழியாமல் இருக்க வேண்டுமென்றால், நுரையைத் திரவத்துக்குள் பாய்ச்சாமல், பக்கச் சுவரிலோ முன்னால் உள்ள தரையிலோ பட்டு மெல்ல வழிந்து பரவும்படி விட வேண்டும். ஃபோம் திரவ டிரம்மில் 3/6 என்று அச்சிட்டிருந்தால், அதைத் தண்ணீரோடு கலக்க வேண்டிய அளவு பெட்ரோலுக்கு 3 விழுக்காடு, ஆல்கஹாலுக்கு 6 விழுக்காடு என்று பொருள்; அவசரத்தில் பலரும் தவறுவது இங்கேதான்.

கேள்வி (தொண்டி, காவலர்): கிழக்குக் கடற்கரைச் சாலையில் டேங்கர் கவிழ்ந்தால், உள்ளே இருப்பது என்னவென்று தூரத்திலிருந்தே அறிய வழி உண்டா?

அவசரத் தகவல் பலகையில் உள்ள ஐ.நா. எண்ணைப் பாருங்கள். 1203 பெட்ரோல், 1170 எத்தனால், 3475 பத்து விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே பலகையில், எதைக் கொண்டு எப்படி அணைப்பது என்று சொல்லும் ஹாஸ்கெம் குறியீட்டின் முன்னால் ஒரு கருப்புப் புள்ளி இருந்தால், ஆல்கஹால் தாங்கும் ஃபோம் தேவை என்று அர்த்தம். கலப்பு வேலை எண்ணெய்க் கிடங்குகளில் நடப்பதால், அங்கே போகும் தனி எத்தனால் டேங்கர்களும் சாலையில் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பலகையில் 1203 மட்டுமே இருந்தாலும், ஓட்டுநரிடமுள்ள தாள்களைப் பார்க்கும் வரை, 20 விழுக்காடு கலந்தது என்றே நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி (பாம்பன், ஆம்புலன்ஸ் உதவியாளர்): எத்தனால் தீ கண்ணுக்கே தெரியாதாமே?

20 விழுக்காட்டுப் பெட்ரோல் புகையோடுதான் எரியும். அது நன்றாகத் தெரியும். தனி எத்தனால்தான் ஆபத்து. அதன் மெல்லிய நீலச் சுடர், பாம்பன் பாலத்தின் மேல் அடிக்கும் உச்சி வெயிலில் புலப்படாது. கானல் போலக் காற்று நெளிகிறதா என்று கவனியுங்கள். வெப்பப்படக் கேமரா இருந்தால் நல்லது. தீயணைப்புக் குழு சொல்லும் வரை, காயம்பட்டவர் கண்ணுக்குத் தெரிந்தாலும், காற்று வரும் திசையிலேயே நின்றுகொள்ளுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் திசையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி (தேவிபட்டினம் அருகே, ஊராட்சி உறுப்பினர்): சாலையில் கொட்டியதைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டால் தீராதா?

தீராது, அம்மா. ஓர் அளவுக் குடுவையில் 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி கலப்புப் பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு 50-இல் நிற்காமல் ஏறத்தாழ 60-க்கு ஏறிவிடும். எத்தனால் கீழே தண்ணீரோடு போய்விட, பெட்ரோல் மேலே மிதக்கிறது என்பதே அதன் பொருள். சாலையிலும் இதுதான் நடக்கும்: மேலே மிதப்பது எரியும், கீழே ஓடுவதையும் வெறும் தண்ணீர் என்று நம்ப முடியாது. 20 விழுக்காடு எத்தனால் உள்ள தண்ணீர், 36 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். மே மாதத்துத் தார்ச்சாலை அதைவிடச் சுடும்.

உங்கள் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது ஊருணிக்குத்தான். மிதக்கும் எண்ணெயைத் தடுப்பு மிதவையால் வளைத்துவிடலாம். நீரில் கரைந்த எத்தனாலை அப்படி வளைக்க முடியாது. அது சிதையும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால் மீன்களும் செத்து மிதக்கும். ஆகவே, முதல் வண்டி வருவதற்குள், ஓடைக்கும் ஊருணிக்கும் போகும் வாய்க்காலை மண்ணால் அடைத்துவிடுங்கள், ஆனால் ஜே.சி.பி.யைக் கசிவின் அருகில் கொண்டுபோகாதீர்கள், ஒரு பொறி போதும். ஆள் வைத்து, காற்று வரும் பக்கத்தில் தள்ளி நின்று, மண்வெட்டியால் செய்யுங்கள்.

கேள்வி (மண்டபம், வள்ள மீனவர்): அவுட்போர்டு இன்ஜினுக்கு வைத்திருக்கும் பெட்ரோல் கேனின் அடியில் தண்ணீர் போல நிற்கிறது. வடித்துக் கடலில் கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். உப்புக்காற்றின் ஈரமும் மூடி வழியே புகுந்த தண்ணீரும் சேர்ந்து எத்தனாலைப் பிரித்துக் கீழே இறக்கியிருக்கின்றன. பார்க்கத் தண்ணீர் போல இருந்தாலும் அதுவும் தீப்பற்றும். தனிக் கேனில் வடித்து, நன்றாக மூடி, அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில் வைத்து, பங்க்கிலோ தீயணைப்பு நிலையத்திலோ கேட்டுவிட்டு ஒப்படையுங்கள்.