காசில்லாமல் ஆள் தேடுவது எப்படி?

கேள்வி: எங்களுடையது சின்ன நிறுவனம். கணக்கு எழுத ஒருவர் வேண்டும். இன்டீட் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் இலவசமாக விளம்பரம் போட்டேன். முதல் சில நாள் விண்ணப்பங்கள் வந்தன, அப்புறம் நின்றுவிட்டன. என்ன செய்வது?

பதில்: அது உங்கள் தப்பில்லை. இலவச விளம்பரம் நாளாக ஆகக் கீழே இறங்கிவிடும், காசு கட்டியவர்களுடையது மேலே நிற்கும். அதனால் வருகிறவர்களுக்காகக் காத்திருக்காமல் நீங்களே தேடிப் போங்கள். ஆள் எடுப்பதே பிழைப்பாக இருக்கும் நான் முதலில் திறப்பது கூகுளைத்தான். ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல், வேலை பார்ப்பவர்கள் தங்களைப் பற்றி எழுதி வைக்கும் லிங்க்ட்இன் தளத்தின் முகவரியைச் சேருங்கள். முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும் ‘இன்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் வந்தால் தனிநபர் பக்கங்கள் மட்டுமே வரும். பிறகு ‘அக்கவுன்டன்ட்’ என்பதை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், ஊர்ப் பெயரையும் சேருங்கள். மாணவர்கள் நிறைய வந்தால் ‘ஸ்டூடன்ட்’ என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி போதும்.

ஆள் கிடைத்ததும் நீளமாக எழுதாதீர்கள். என்ன வேலை, என்ன சம்பளம், ஏன் அவரைக் கேட்கிறீர்கள், மூன்றே வரி. சம்பளத்தை மறைத்தால் பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

சொந்த இணையதளம் இருக்கிறதா? இது வேலை விளம்பரம் என்று கூகுளுக்குப் புரியவைக்கும் ‘ஜாப்போஸ்டிங்’ குறியீட்டை வேலைப் பக்கத்தில் சேர்க்கும்படி தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள். 2017இல் தொடங்கிய கூகுள் வேலைத் தேடலில் உங்கள் விளம்பரம் இலவசமாகவே இடம்பெற வாய்ப்புண்டு. அப்புறம், விளம்பரத்தில் ‘உடனடியாகத் தேவை’ என்று போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நல்ல வேலையில் இருப்பவர் நோட்டீஸ் காலம் முடித்துத்தான் வர முடியும்.