கேள்வி–பதில்: மாயப் பொருள்களும் வாசகர் ஊகங்களும்

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், மாயாஜாலக் கதைகளைப் பற்றிய ‘ஃபேன் தியரி’களைத் தோழிகளோடு மணிக்கணக்கில் பேசுகிறாள். கதாசிரியர் சொல்லாததை இவர்களாக ஊகிப்பதில் என்ன பயன்? அப்படி ஊகித்தது எதுவாவது பலித்திருக்கிறதா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: பலித்திருக்கிறது. ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாம் புத்தகம் 2005-இல் வெளிவந்தது. அதன் முடிவில், கொடிய மந்திரவாதி வால்டமார்ட்டின் உயிரில் ஒரு கூறு அடைக்கப்பட்டதாக நம்பி ஹாரியும் அவன் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரும் உயிரைப் பணயம் வைத்து எடுத்து வந்த லாக்கெட் போலி என்று தெரிகிறது. உள்ளே இருந்த சீட்டில் ‘ஆர்.ஏ.பி.’ என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே கையொப்பமாக இருந்தன. வாசகர்கள் பழைய புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினார்கள். 2003-இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில், ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக்கின் பாழடைந்த வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த பொருள்களுள் ‘யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட்’ ஒன்று போகிறபோக்கில் குறிப்பிடப்பட்டிருந்தது. சிரியஸுக்கு ரெகுலஸ் என்று ஒரு தம்பி இருந்து இறந்துபோனதும் அதே புத்தகத்தில் இருந்தது. பிளாக் என்ற குடும்பப் பெயரை ‘ஸ்வார்ட்ஸ்’ (Zwarts) என்று மாற்றியிருந்த டச்சு மொழிபெயர்ப்பில் சீட்டின் கடைசி எழுத்தும் ‘இஸட்’ என்று மாறியிருந்ததைக் கண்டவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. 2007-இல் வந்த ஏழாம் புத்தகம், ஆர்.ஏ.பி. என்பவர் ரெகுலஸ் பிளாக்தான் என்ற அந்த ஊகத்தை அப்படியே உறுதிசெய்தது.

தூரத்தில் கிடக்கும் இரண்டு சொற்களை இணைத்துப் பொருள் காணும் இந்த வேலை நமக்குப் புதியதன்று. சொற்கள் அகன்று கிடந்தாலும் அருகில் கிடந்தாலும் பொருள் முடியும்படி கொண்டுவந்து கூட்டுவதைத் தொல்காப்பியர் ‘மாட்டு’ என்று செய்யுளுறுப்புகளுள் ஒன்றாகவே வைத்தார். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது அதைத் தாராளமாகக் கையாண்டார். முல்லைப்பாட்டுக்கு 1903-இல் ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள், பாட்டின் இயல்பான ஓட்டத்தைக் குலைத்துச் சொற்களை இப்படிப் பிரித்துக் கூட்டுவது தகாது என்று மறுத்தார். நல்ல ஊகத்துக்கும் வலிந்து கட்டிய ஊகத்துக்கும் இடையிலுள்ள வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. உங்கள் மகளிடம் ‘இதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தால் மனநிறைவோடு இருங்கள், அம்மா.

கேள்வி: திரௌபதியின் அட்சய பாத்திரமும் மணிமேகலையின் அமுதசுரபியும் ஒரே பாத்திரம்தான், கைமாறிக் கைமாறி வந்தது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். இது சரியா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: ஒரு மாயப் பொருளை அடையாளம் காண அதன் சக்தியைக் காட்டிலும் அதற்குரிய நிபந்தனையே உதவும் என்பது என் அனுபவம். குறையாமல் சோறு தருவது இரண்டுக்கும் பொது. ஆனால் வனவாசத்தில் சூரியன் தருமனுக்கு அளித்த பாத்திரம், ஒவ்வொரு நாளும் திரௌபதி உண்டு முடிக்கும் வரையில்தான் சுரக்கும். அது ஒரு குடும்பத் தலைவியின் பாத்திரம். விருந்தினர் எல்லாரும் உண்ட பிறகு அவள் கடைசியாக உண்பாள் என்ற ஒழுக்கத்தின் மேல் கட்டப்பட்டது.

அமுதசுரபிக்கு அப்படி நாளொன்றுக்கான வரம்பு கிடையாது. மதுரையில் குருடருக்கும் முடவருக்கும் பிச்சையெடுத்துச் சோறிட்டு வந்த ஆபுத்திரன், ஒருநாள் நள்ளிரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் கலங்கி நின்றபோது சிந்தாதேவி தோன்றி அதைக் கொடுக்கிறாள். ‘நாடு வறங்கூரினும் இவ்வோடு வறங்கூராது’ என்பது அவள் வாக்கு. வாங்குபவர் கை வலிக்குமே தவிர ஓடு வற்றாது. பிறகு இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டைச் செழிக்கச் செய்துவிடுகிறான். உண்ண ஆள் வரவில்லை. பஞ்சம் நிலவிய சாவக நாட்டுக்குக் கப்பலேறிய ஆபுத்திரன், வழியில் மணிபல்லவத் தீவில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டதாக நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. மனித வாடையில்லாத தீவில், வற்றாத சோற்றுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தனியே நிற்கிறான்.

பள்ளி விடுமுறை ஒன்றில் எழும்பூர் கன்னிமரா நூலகத்தில் ‘பாத்திர மரபு கூறிய காதை’யை முதன்முதலில் படித்தபோது, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பாத்திரம் அவனுக்கும் சோறு தந்திருக்கும். தராது என்று சாத்தனார் எங்கும் சொல்லவில்லை. ‘மன்னுயிர் ஓம்பும் இம் மாபெரும் பாத்திரம் என்னுயிர் ஓம்புதல் யானோ பொறேஎன்’ என்று சொல்லிவிட்டு, ஆண்டுக்கொருமுறை தோன்றி அருள் நிறைந்தவர் கையில் சேர்க என்று வாழ்த்தி, கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். நிபந்தனை பாத்திரத்தில் எழுதப்படவில்லை. அவனே தனக்கு விதித்துக்கொண்டது. மாயப் பொருளைக் கையில் வைத்திருந்தும் அதைத் தனக்காகப் பயன்படுத்த மறுத்து இறந்த இவனைப் போன்ற ஒருவனை நான் படித்த மாயக்கதைகள் எதிலும் இதுவரை கண்டதில்லை.

ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று உங்கள் நண்பரிடம் உறுதியாகச் சொல்லலாம். அவர் சமாதானமாகாவிட்டால், அமுதசுரபி பிற்பாடு மணிமேகலையோடு காஞ்சிக்கு, நம் சென்னைக்கு இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஊருக்கு, வந்து பஞ்சம் தீர்த்த கதையையும் சொல்லுங்கள்.

கேள்வி: மாலையில் மெரினாவில் நடக்கும்போது கண்ணகி சிலையைக் காட்டி, ‘தாத்தா, மதுரையை எரித்த மந்திர ஆயுதம் அந்தச் சிலம்புதானே?’ என்று பேரன் கேட்கிறான். என்ன சொல்வது?
— வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: இல்லை என்று சொல்லுங்கள், ஐயா, ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட அந்தச் சிலையின் கையில் சிலம்பு இருப்பதால் குழந்தைகள் அப்படி நினைப்பது இயல்பு. காப்பியத்தில் அந்தச் சிலம்புக்கு எந்த மாய சக்தியும் கிடையாது. தன் தேவியின் சிலம்பில் முத்து இருப்பதாகப் பாண்டியன் சொல்கிறான். தன் சிலம்பில் மாணிக்கம் இருப்பதாகக் கண்ணகி சொல்கிறாள். உடைக்கிறாள், மணி தெறித்து மன்னன் முகத்தருகே பட்டு விழுகிறது. அவ்வளவுதான் சிலம்பின் வேலை. அது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சான்றுப் பொருள். மதுரையை எரித்தது அவள் திருகி எறிந்த இடமுலையும், யாரை விட்டுவிட வேண்டும் என்று அவளிடம் கேட்டுப் பெற்ற ஆணைப்படி மூண்ட தீக்கடவுளும். பேரனுக்கு மணியும் முத்தும் வேறுவேறு என்ற அந்த ஒரு நுட்பத்தைச் சொன்னாலே போதும்.

கேள்வி: ஒரு ஊகத்தை நூலாசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டால் அது உண்மையாகிவிடுமா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: ஆசிரியரின் பாராட்டைச் சான்றாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். ஹாரி பாட்டரில், மூன்று சகோதரர்கள் மரணத்தைச் சந்திக்கும் கிளைக்கதையில் வரும் மரணத்தின் இடத்தில் நிற்பவர் டம்பிள்டோர்தான் என்ற ஊகத்தை 2015-இல் அதன் ஆசிரியர் ரௌலிங், அழகானது, பொருந்துகிறது என்று பாராட்டினார். ஆனாலும் அது படிப்பவர் மனத்தில் தோன்றும் ஒப்புமையாகவே நிற்கிறது.

இதைவிடச் சுவையான செய்தி ஆங்கில எழுத்தாளர் டோல்கீனுடையது. 1937-இல் வந்த ‘ஹாபிட்’ முதற்பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் தன் மாய மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, கொல்லம் என்ற குகைவாழ் பிராணி கதாநாயகன் பில்போவிடம் ஒப்புக்கொண்டிருந்தது. மோதிரம் காணாமற்போனதும் மன்னிப்புக் கேட்டு பில்போவுக்கு வழியும் காட்டியது. பிறகு அந்த மோதிரம் வைத்திருப்பவனை அடிமையாக்கும் கொடிய பொருளாக அவர் மனத்தில் வளர்ந்தபோது, அதை யாரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாதே என்ற சிக்கல் எழுந்தது. 1951-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். அதோடு விடாமல், 1954-இல் வெளிவரத் தொடங்கிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெரிய நாவலில், தான் முன்பு வேறுவிதமாகச் சொன்னதை மன்னித்து மறந்துவிடும்படி பில்போவையே அவையில் கேட்கவைத்தார். பழைய பதிப்பு பில்போ சொன்ன பொய்யாகிவிட்டது. தன் நூலின் முரணைத் தானே ஒரு வாசகனைப் போல் உட்கார்ந்து விளக்கிய ஆசிரியர் அவர்.

கேள்வி: ஆர்தர் மன்னரின் வாள், கர்ணனின் கவசம் — இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்?
— வாசகி, வில்லிவாக்கம்

பதில்: வாளை விட்டுவிட்டு அதன் உறையை எடுப்பேன். ஆங்கில எழுத்தாளர் மாலரி தொகுத்த கதையில் வாள் பெரிதா உறை பெரிதா என்று மந்திரவாதி மெர்லின் கேட்க, ஆர்தர் வாள் என்கிறார். உறை பத்து வாளுக்குச் சமம், அதை அணிந்திருக்கும் வரை எவ்வளவு காயம்பட்டாலும் இரத்தம் சிந்தாது என்று மெர்லின் திருத்துகிறார். பின்னர் ஆர்தரின் சகோதரி மார்கன் அதைத் திருடி ஏரியில் எறிந்துவிடுகிறாள். கர்ணனின் கவசத்தை யாரும் திருடவில்லை. சூரியன் கனவில் வந்து எச்சரித்த பிறகும், வந்து நிற்பவன் இந்திரன் என்று தெரிந்தே அறுத்துக் கொடுத்தான்.

அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பான் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. உங்கள் ஊகத்தை எழுதி அனுப்புங்கள். பாரதத்தில் எந்த இடத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.