மூடிய ஆலையின் கழிவுக்கு யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கேள்வி: எங்கள் கிராமத்தை ஒட்டியிருந்த ரசாயன ஆலையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வளாகத்துக்குள் கொட்டிய கழிவு மட்டும் மேடாக அப்படியே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீர் ஓடையில் இறங்கி வயலுக்கு வருகிறது. மூன்று கிணற்று நீரைக் குடிக்க முடியவில்லை. கேட்டால், "கம்பெனியே இல்லை, யார் மேல் வழக்குப் போடுவீர்கள்?" என்கிறார்கள். எங்களுக்குச் சட்டத்தில் வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத விவசாயி, வட மாவட்டம்

பதில்: வழி உண்டு. ஆலையை மூடுவதால் உற்பத்திதான் நிற்குமே தவிர, அது விட்டுச் சென்ற நஞ்சுக்கான பொறுப்பு நின்றுவிடாது. ராஜஸ்தான் மாநிலம் உதய்ப்பூருக்கு அருகிலுள்ள பிச்ரி கிராமத்தில், சாயத் தொழிலுக்கான எச்-அமிலம் தயாரித்த ஆலைகளின் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கில், அந்த ஆலைகள் இயங்காமல் நின்ற பிறகும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அவற்றின் உரிமையாளர்களையே முழுப் பொறுப்பாளிகளாக்கியது. சீர்செய்யும் செலவுக்காக அவற்றின் சொத்துகளை முடக்கவும் உத்தரவிட்டது. ஆபத்தான பொருளைக் கையாள்பவர் கவனமாக இருந்தாரா, இல்லையா என்ற விசாரணைக்கே இடமின்றி, விளைந்த தீங்குக்கு அவரே பொறுப்பு என்ற கோட்பாடு 1986-இல் டெல்லி ஓலியம் வாயுக்கசிவு வழக்கில் நிறுவப்பட்டது. உங்கள் வழக்குக்கும் அதுவே அடித்தளம். எனவே, ஊரில் சொல்வதை நம்பாமல், கம்பெனிப் பதிவாளரின் ஆவணங்களில் அந்த நிறுவனம் இன்னும் பதிவில் உள்ளதா, இயக்குநர்கள் யார், கலைக்கப்பட்டிருந்தால் சொத்துகள் யாரிடம் போயின என்பதையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்து நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் முதலில் பாருங்கள்.

நீங்கள் போக வேண்டிய முக்கியமான இடம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அதன் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, கெட்டுப்போன சொத்துக்கு ஈடு, மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். கிராமத்தினர் சேர்ந்து ஒரு சங்கமாகவும் மனு தரலாம். வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கோரும் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய்; வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆனால் காலக்கெடுவில் மிகக் கவனமாக இருங்கள். இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்குமான மனுவை, அதற்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தர வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 6 மாதம்தான். ஒவ்வொரு மழையிலும் நஞ்சு வழிவதால் இது தொடரும் தீங்கு என்று வாதிட இடம் இருக்கிறது என்றாலும், அந்த வாதத்தை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். காலம் கடந்துவிட்டது என்ற ஆட்சேபம் வரும் என்று தோன்றினால், அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட நிர்வாகமும் தங்கள் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போடுவதையும் உங்கள் வழக்கறிஞரோடு பேசுங்கள்.

வழக்குக்கு முன்பே செய்ய வேண்டியது சான்று திரட்டுவது. பெரும்பாலான ஊர்கள் தோற்பது இங்கேதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் மஞ்சள் நிறம் குரோமியக் கழிவாக இருக்கக்கூடும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேட்டு அவர்கள் தரும் பாட்டிலிலேயே தண்ணீரைப் பிடியுங்கள். கிணற்றின் சர்வே எண், தேதி, நேரம், நீர்மட்டம் ஆகியவற்றை எழுதி, உடனிருந்த இருவரின் கையெழுத்தோடு, பாட்டிலின் சீட்டு தெளிவாகத் தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். மேட்டுக்கு மேற்புறத்தில், ஓடை தொடாத ஒரு கிணற்றிலும் நீர் எடுங்கள். அந்தக் கிணறு நன்றாக இருந்து உங்கள் கிணறு மட்டும் கெட்டிருந்தால் காரணத்தை மறுப்பது எதிர்த்தரப்புக்கு மிகக் கடினம். வாரியம் முன்பு எடுத்த ஆய்வு முடிவுகளையும், ஆலைக்கு அனுப்பிய நோட்டீசுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் உள்ள பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறும் உரிமையும் அந்தச் சட்டத்தில் இருப்பதைப் பலர் அறிவதில்லை.

அத்துடன், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளின்படி, சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வையும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் சுத்திகரிப்புச் செலவை அரசே ஏற்கவும் அதில் வழி இருக்கிறது. எனினும், சுத்திகரிப்பை எப்போது முடிக்க வேண்டும் என்ற கெடு அந்த விதிகளில் இல்லை. பெரிய குறை அது. ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு பல்லாண்டுகளாகக் கிடந்ததை அறிந்தவர்களுக்கு, கெடு இல்லாத உத்தரவின் மதிப்பு என்ன என்று தெரியும். எனவே தீர்ப்பாயத்தில் தேதியுடன் கூடிய உத்தரவையே கேளுங்கள். பிச்ரி வழக்கில் 1996-இல் தீர்ப்பு வந்தும், பணத்தை வசூலிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் கூட்டு வட்டியுடன் மறுபடி உத்தரவிட நேர்ந்தது. அத்தனை காலம் உங்கள் குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. ஆகவே லாரியிலோ குழாயிலோ மாற்றுக் குடிநீர், மேட்டின் மீது தற்காலிக மூடுவிரிப்பு, ஓடைக்குத் தடுப்பு ஆகியவற்றை இடைக்கால நிவாரணமாக மனுவின் முதல் நாளிலேயே கோருங்கள்.

கேள்வி: இதே தண்ணீரால் என் மருமகளுக்குத் தோல் புண் வந்தது, இரண்டு மாடுகள் இறந்துவிட்டன. இவற்றுக்கும் இழப்பீடு கேட்கலாமா?
– மேற்படி வாசகரின் ஊரைச் சேர்ந்த மற்றொருவர்

பதில்: கேட்கலாம், ஐயா. நோய், மருத்துவச் செலவு, கூலி இழப்பு, கால்நடை இழப்பு ஆகிய அனைத்தும் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளன. அரசு மருத்துவமனைச் சீட்டில், எந்த நீரைப் புழங்குகிறார் என்பதையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். இனி கால்நடை இறந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்று பெறுங்கள். புற்றுநோய் போன்றவற்றை ஒரு தனி மனிதரின் வழக்கில் நிரூபிப்பது கடினம். அதற்கு ஊர் முழுவதற்குமான மருத்துவக் கணக்கெடுப்பை நடத்த உத்தரவு கேட்பதே பயன் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பைப் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை நியமிக்கும். உங்கள் மருமகளின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட கழிவு மேட்டுக்கு அருகில் இருப்பதை மறைத்து எனக்கு மனை விற்றுவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஒரு வாசகி

பதில்: வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத, ஆனால் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. மேடு சாலையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் என்றால் உங்கள் நிலை பலவீனமானது. நிலத்தடி நீர் கெட்டிருப்பதை அறிந்தே மறைத்தார்கள் என்று காட்ட முடிந்தால் வலுவானது. மனைப்பிரிவு போட்டு விற்ற நிறுவனம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அங்கே கெடு இரண்டு ஆண்டுகள். விளம்பரத் துண்டறிக்கையையும் ரசீதுகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்த பின் பதிவுத் தபாலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள்.