பெயர் பிள்ளையுடையது, பணம் யாருடையது? – வாசகர் கேள்வி-பதில்

காணும் பொங்கல் முடிந்த கையோடு, பிள்ளைகளின் சேமிப்பைப் பற்றிக் கேட்கும் உண்டியல் கடிதங்கள் வந்துவிடும். இந்த முறையும் குறைவில்லை. பலர் பிள்ளையின் வயதை எழுதவே மறந்திருக்கிறார்கள். வயது இல்லாத கேள்விக்குப் பதிலும் பாதிதான் வரும்.

ஆறு வயது மகனுக்குக் கைச்செலவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? – குரோம்பேட்டை

வாரம் 20 அல்லது 30 ரூபாய். கிழமை மாறக் கூடாது. ஞாயிறு என்றால் ஞாயிறுதான். நோட்டாக நீட்டாமல் ஐந்து ரூபாய் நாணயங்களாகக் கொடுங்கள். எண்ணிப் பிரித்து வைக்க முடிந்தால்தான் இந்த வயதில் அது பணம். மாதக் கணக்கெல்லாம் பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். சேர்த்து வைக்க மண் உண்டியலைவிடப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நல்லது, மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். முதல் இலக்கு சைக்கிளாக இருக்க வேண்டாம். நாலு வாரத்தில் எட்டிவிடும் 80 ரூபாய் கலர் பென்சில் டப்பா போதும்.

சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்ததற்குக் கூலி கொடுக்காதீர்கள். அப்புறம் தண்ணீர்க் குடத்துக்கும் ரேட் பேசுவான்.

மூன்று வருட மண் உண்டியலை உடைத்தோம். நோட்டெல்லாம் ஈரத்தில் ஒட்டி, சிலவற்றைக் கரையான் அரித்திருக்கிறது. ஒரு 2000 ரூபாய் நோட்டும் இருக்கிறது. எல்லாம் போச்சா? – பெரம்பூர்

போகவில்லை. ஒட்டியதைப் பிய்க்காமல் நிழலில் உலர்த்திப் பிரியுங்கள். 50 ரூபாய்க்குக் குறைந்த நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழு மதிப்பு கிடைக்கும். 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுசு. 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. உங்களுக்குக் கணக்கு இல்லாத வங்கிக் கிளையிலும் மாற்றலாம்.

2000 ரூபாய் நோட்டை 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். செல்லாது என்று அறிவிக்கவில்லை. ஆனால் கிளையில் இப்போது வாங்க மாட்டார்கள். அடையாள அட்டையோடும் கணக்கு விவரத்தோடும் ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போக வேண்டும், அல்லது அஞ்சலகம் வழியாக அனுப்ப வேண்டும். சில்லறையை மதிப்புவாரியாகப் பிரித்து, நூறு நூறாகப் பையில் கட்டி வங்கிக்கு எடுத்துப் போங்கள்.

இனி உண்டியலில் நாணயம் மட்டும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை எந்த நோட்டும் தாங்காது. நோட்டு கைக்கு வந்தால் அந்த வாரமே கணக்கில் போட்டு, பாஸ்புக்கைப் பிள்ளை கையில் கொடுங்கள்.

பத்து ரூபாய் நாணயம் செல்லாதென்று கடைக்காரர் சொல்கிறார். மகள் இருபது சேர்த்திருக்கிறாள். – கொருக்குப்பேட்டை

செல்லும். ரூபாய்க் குறி உள்ளது, இல்லாதது, எல்லா வடிவமும் செல்லும்.

குழந்தைக்கு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். விவரம் அனுப்பவும். – கே.கே. நகர்

பத்து வயதுக்குக் கீழா மேலா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். மொத்தப் பதிலும் அதில்தான் இருக்கிறது.

பத்து நிறையாவிட்டால் பெற்றோர்தான் தொடங்கி இயக்க வேண்டும். நிறைந்துவிட்டால் பிள்ளையே தன் கையெழுத்தில் தொடங்கலாம், பணம் எடுக்கலாம். 2025-ல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவும் அதையே சொல்கிறது. எவ்வளவு எடுக்கலாம், ஏடிஎம் அட்டை உண்டா என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். குறைந்தபட்ச இருப்பையும் அட்டைக்கான ஆண்டுக் கட்டணத்தையும் முன்பே கேளுங்கள். அஞ்சலகத்தில் 500 ரூபாய் போதும். நிதியாண்டு முடிவில் இருப்பு அதற்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள்.

பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், உங்கள் ஆதார், பான், புகைப்படம் எடுத்துப் போங்கள். போகும் முன் பத்து நாள் ஒரே மாதிரி கையெழுத்துப் போடப் பழக்குங்கள். படிவத்தில் ஒன்று, பணம் எடுக்கும் சீட்டில் வேறொன்று என்று போட்டு கவுன்டரில் திரும்பி வரும் பிள்ளைகள் நிறைய. 18 வயது நிறைந்ததும் புதுக் கையெழுத்தும் கேஒய்சியும் (அடையாள, முகவரிச் சான்று) கொடுக்காவிட்டால் பணம் எடுக்க முடியாமல் நிற்கும். அந்தத் தேதியை இப்போதே பாஸ்புக் அட்டையில் எழுதி வையுங்கள்.

மகளுக்கு 11 வயது. செல்வமகள் கணக்கு (பெண் பிள்ளைக்கான அரசுச் சேமிப்பு) தொடங்கலாமா? – அண்ணா நகர்

முடியாது. பத்து நிறைவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியவர்களுக்கும் ஒன்று: முதிர்வு மகளின் 21-ஆம் வயதில் அல்ல, கணக்கு தொடங்கி 21 ஆண்டு கழித்து.

வீட்டு அட்வான்ஸுக்குப் பணம் குறைந்தது. 11 வயது மகளின் உண்டியலில் இருந்து 3,400 ரூபாய் எடுத்தோம். “என் காசு எப்போ வரும்” என்று நச்சரிக்கிறாள். “உனக்குச் சோறு போடுறது யாரு” என்று என் கணவர் அடக்குகிறார். யார் பக்கம் நியாயம்? – வியாசர்பாடி

மகள் பக்கம்தான்.

இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. தொகையும் காரணமும்தான் மாறும். ஒரு மாதம் கேஸ் சிலிண்டர், இன்னொரு மாதம் டியூ. “பத்திரமா வெச்சிருக்கேன்” என்று வாங்கிய பொங்கல் காசு, காதுகுத்துக்கு வந்த மொய், பெரியப்பா கையில் திணித்த ஐநூறு எல்லாம் இப்படித்தான் போகின்றன. முடை வந்தால் எடுப்பது குற்றமில்லை. சொல்லாமல் எடுப்பதும் திருப்பாமல் மழுப்புவதும்தான் குற்றம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துபோவது இதுதான்: சேர்த்தால் போய்விடும், தின்றால் மிச்சம். அடுத்த நூறு ரூபாய் அன்றைக்கே பொட்டிக்கடைக்குப் போகும். ஆறு மாதம் கழித்து “என் பொண்ணுக்குச் சேமிக்கவே தெரியலை” என்று எனக்கே கடிதம் வரும்!

ஒரு நோட்டில் தேதி, தொகை, எதற்கு எடுத்தோம், எப்போது திருப்புவோம் என்று எழுதி அவரே கையெழுத்துப் போடட்டும். மொத்தமாக முடியாவிட்டால் ஆறு மாதம் 500, ஏழாம் மாதம் 400. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி வையுங்கள். முதல் மாதம் 34 ரூபாய், அடுத்த மாதம் மீதி 2,900-க்கு 29, அப்புறம் 24. கணக்கை மகளே போடட்டும். ஏழு மாதத்தில் சுமார் 130 ரூபாய் வட்டி வரும். அசல் குறையக் குறைய வட்டி எப்படி இறங்குகிறது என்பது அவளுக்குப் பிடிபட்டுவிடும். வீட்டுக் கடனும் இதே கணக்குதான், சைபர்தான் கூடுதல்.

தவணை தவறினால் அதையும் நோட்டில் எழுதுங்கள். “அப்பாவுக்காக விட்டுக்கொடேன்” என்று மட்டும் கேட்காதீர்கள். அவரிடமும் சொல்லுங்கள்: சோறு போடுவது பெற்றவர் கடமை, அதைக் கடனுக்கு ஈடாகக் காட்ட முடியாது.

நாலு வயது மகன் பெயரில் ஆண்டுக்கு 50,000 வீதம் 15 ஆண்டு கட்டும் பாலிசி. கடைசியில் 11.25 லட்சம், ஒன்றரை மடங்கு என்கிறார் ஏஜென்ட். – தாம்பரம்

மடங்கைப் பார்க்காதீர்கள், வட்டியைப் பாருங்கள். அது ஏறக்குறைய 5 சதவீதம். அதே பணத்தை இப்போதைய 7 சொச்சம் சதவீதத்தில், அரசின் நீண்டகாலச் சேமிப்பான பிபிஎஃபில் போட்டால் 13.5 லட்சம் வரும். சம்பாதிக்காத பிள்ளை உயிருக்குக் காப்பீடு எதற்கு? சம்பாதிக்கும் உங்கள் உயிருக்கு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

பொன்மகன் திட்டம், ஆண் பிள்ளைக்கான செல்வமகள்தானே? – ஆவடி

பெயர்தான் அப்படி. உள்ளே இருப்பது பிபிஎஃப். செல்வமகளுக்கு 8.2, இதற்கு 7.1 சதவீதம். உங்கள் பிபிஎஃபும் மகனுடையதும் சேர்த்தே ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்தான். மீறிக் கட்டும் பணத்துக்கு வட்டி கிடையாது.

என் போனில் மகன் (14) கேமுக்குச் சிறிது சிறிதாக 1,800 ரூபாய் கட்டியிருக்கிறான். பின் நம்பரே அவனுக்குத் தெரியாது. – வேளச்சேரி

யுபிஐ லைட் போட்டு வைத்திருப்பீர்கள். அது சின்னத் தொகைக்குப் பின் நம்பர் கேட்காது. வங்கிப் பாஸ்புக்கிலும் ஒவ்வொரு செலவாக விழாது. அணைத்து விடுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே பட்டியலையும் திறந்து பாருங்கள், மாதச் சந்தா ஏதாவது ஒளிந்திருக்கும். அவன் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி மாதம் 500 ரூபாய் போடுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பாஸ்புக் அவனிடம் இருக்கட்டும் என்று நான் மறுபடி சொல்லத் தேவையில்லை.

பிறந்தநாளுக்கு ஆண்டுதோறும் அரை கிராம் தங்க நாணயம் வாங்கலாமா? – மயிலாப்பூர்

வாங்கலாம். ஆனால் நாணயம் சிறிதாகச் சிறிதாகச் செய்கூலி விகிதம் ஏறும், அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி வேறு. இரண்டு பிறந்தநாள் பணத்தைச் சேர்த்து ஒரு கிராமாக ஹால்மார்க்கோடு வாங்குங்கள். ரசீதைப் பிள்ளையின் கணக்கு நோட்டில் ஒட்டுங்கள், உங்கள் பீரோவில் போட்டுப் பூட்டாதீர்கள்.